திரளாத துளி

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே கனகம்மாசத்திரத்துச் சாலை மஞ்சள் பூத்துவிடும். திருவள்ளூர்ப் பக்கமிருந்து திருத்தணிக்கு நடந்தே போகிறவர்கள். தோளில் பூக்காவடி, காலில் செருப்பில்லை, வாயில் அரோகரா. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி, வேப்பிலைக் கொத்தால் முகத்தை விசிறிக்கொண்டே போவாள். நெடுஞ்சாலை முடிந்த பிறகு மலையில் 365 படிகள் வேறு பாக்கி இருக்கின்றன. வழிப்போக்கருக்குச் சோறும் தண்ணீரும் படுக்கத் திண்ணையும் தந்த இடம் இது என்பதை ஊரின் பெயரே சொல்கிறது. இன்று சத்திரத்தின் வேலையைச் சாலையோரத்துத் தண்ணீர்ப் பந்தல்கள் பார்க்கின்றன.

"சாமி, மோர் குடிச்சிட்டுப் போங்க சாமி!"

பந்தலில் நீல டிரம்மில் தண்ணீர், எவர்சில்வர் அண்டாவில் மோர், கோணியில் சுற்றிய ஐஸ் கட்டி. நான் நின்றிருந்த பந்தலுக்கு ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். டிரம்மிலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். மஞ்சள் நிறம் வந்தது. குளோரின் இருக்கிறது. அடுத்து ஐஸைப் பார்த்தார்.

"இது எங்க வாங்கினதுண்ணே?"

"பஜார்லதான் சார்."

"குடிக்கிற ஐஸா, மீனுக்குப் போடற ஐஸா?"

பந்தல்காரருக்குப் பதில் தெரியவில்லை.

"அப்ப மோருக்குள்ள போடாதீங்க. அண்டாவைச் சுத்தி வெளிய அடுக்குங்க. மோரும் குளுந்துடும், யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

மோரின் புளிப்பில் காலரா கிருமி நெடுநேரம் தாங்காது, புளியோதரையிலும் அப்படித்தான். வெறும் சோறு அதற்கு விருந்து. மோரில் ஊற்றும் தண்ணீரும், போடும் ஐஸும்தான் அதற்குக் கதவு. அந்த ஆய்வாளர் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கட்டியை இடம் மாற்றவைத்துவிட்டு அடுத்த பந்தலுக்குப் போனார்.

அவர் குழாயில் பார்த்தது குளோரினை மட்டும்தான். கிருமி உண்டா, இருந்தால் எது என்பதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. அதற்கு 100 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு துளி சீரம் இருக்கிறது. யாத்திரைக் கூட்டங்களையும் வாந்திபேதியையும் விட்டுப் பிரியாமல் கூடவே வந்திருக்கும் அந்தத் துளியின் வாழ்க்கையைத்தான் எழுத நினைக்கிறேன். அந்த வாழ்க்கையின் பெரிய திருப்பம் நம் சென்னையில் நடந்தது. நம்மில் பலருக்கு அது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

முதலில் அந்தத் துளியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஆய்வகம். பேதியோடு வந்த நோயாளியின் மாதிரி, அரிசி களைந்த கழுநீர் போலக் கலங்கலாக, முந்தின நாளே வந்திருந்தது. அதைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் ஆறு மணி நேரம் வைத்தார்கள். சந்தேகத்துக்குரிய உணவென்றாலும் முறை இதுதான்: 25 கிராம் உணவு, 225 மில்லி பெப்டோன் நீர். மற்றக் கிருமிகள் தயங்கும் அந்தக் காரத்தில் காலரா கிருமி வேகமாகப் பெருகும். காற்றை நாடும் கிருமி என்பதால் மேலே வந்து மெல்லிய ஏடு கட்டும். அந்த ஏட்டிலிருந்து ஒரு கம்பி வளையத்தில் தொட்டு, டிசிபிஎஸ் என்னும் பச்சைத் தட்டில் கோடிழுத்துவிட்டால், மறுநாள் காலையில் மஞ்சள் பொட்டுகள் வந்திருக்கும். பளபளவென்று, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக.

அங்கே இருந்த மூத்த தொழில்நுட்புநர் அம்மா, புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பச்சைத் தட்டுல இருந்து நேரா எடுக்காதம்மா, பிசுபிசுன்னு ஒட்டும். சாதா அகார்ல ஒரு தடவை வளத்துட்டு எடு. முதல்ல உப்புத் தண்ணியில கரைச்சுப் பாரு. அதுலயே திரண்டுதுன்னா அந்தக் காலனியை நம்பக் கூடாது."

கண்ணாடிச் சில்லில் இரண்டு வட்டம். ஒன்றில் உப்புநீர், மற்றதில் ஒரு சொட்டு சீரம். இரண்டிலும் கிருமியைக் கரைத்தார்கள். இரண்டுமே பால் கலந்த தண்ணீர் போல ஒரே மாதிரி இருந்தன. அம்மா சில்லைக் கையில் எடுத்து, கறுப்பு மேசைக்கு மேலே விளக்கொளியில் பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்தார், தூளி ஆட்டுவதுபோல. பத்து, பதினைந்து நொடி. உப்புநீர் அப்படியே இருந்தது. சீரம் விட்ட வட்டத்தில் பால் திரிவதுபோலச் சின்னச் சின்னத் திப்பிகள் வந்தன. பிறகு நடுவே நீர் தெளிந்து, ரவை தூவியதுபோல வெள்ளைத் துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்கின.

"திரண்டுடுச்சு பாத்தியா? காலராதான், ஓ-1 வகை."

இதுதான் அந்தத் துளி செய்யும் ஒரே வேலை. அதிலுள்ள எதிர்ப்பொருள்கள் இரண்டு கையுள்ளவை. ஒரு கையால் ஒரு கிருமியையும் இன்னொரு கையால் பக்கத்துக் கிருமியையும் பிடித்துக்கொள்ளும். இப்படி லட்சக்கணக்கில் கோத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும் திரளாகிறது. பிடி கிடைக்க, கிருமியின் மேல்தோலில் அதற்குத் தெரிந்த சர்க்கரைச் சங்கிலி இருக்க வேண்டும். இல்லையென்றால் துளி சும்மா இருந்துவிடும்.

இதை முதலில் கண்டவர்கள் வியன்னாவில் இருந்தார்கள். மாக்ஸ் வான் குரூபரின் ஆய்வகத்தில் ஹெர்பர்ட் டர்ஹாம் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவர் வேலை பார்த்தார். காலரா, டைபாய்டு கிருமிகளுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் சீரம், அதே கிருமியைச் சோதனைக்குழாயில் திரளவைப்பதை இருவரும் 1896இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் அதைத் திருப்பிப் போட்டார். கிருமி தெரிந்தது, சீரம் நோயாளியுடையது. காய்ச்சல் நாலு நாள் நீடித்தால் "விடால் எடுத்துட்டு வாங்க" என்று நம் ஊர்களில் இன்றும் எழுதித்தருகிறார்களே, அது இந்த விடால்தான். டைபாய்டு எப்போதோ வந்துபோனவருக்கும், வேறு காய்ச்சல் உள்ளவருக்கும் அது 'ஆம்' சொல்லிவிடும் என்பதால், இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் நம்பகமானது என்று மருத்துவர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அது தனிக்கதை. நம் துளி குரூபர் வழியில் வந்தது: சீரம் தெரிந்தது, கிருமிதான் யாரென்று தெரியாதது.

சீரம் பிறக்கும் இடம் முயலின் உடம்பு. சூட்டில் கொன்ற கிருமியைச் சில வாரங்களுக்கு, இடைவெளி விட்டு விட்டு, ஊசியில் ஏற்றினால், முயலின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பெருகும். ஆனால் அந்தச் சீரம் அப்படியே உதவாது. கிருமிகளுக்குள் தாயாதி உறவுகள் உண்டு. ஒன்றுக்காகப் பிறந்த எதிர்ப்பொருள் இன்னொன்றையும் பிடித்துவிடும். அதனால் உறவுக் கிருமிகளை அந்தச் சீரத்தில் போட்டு, அவற்றோடு ஒட்டுகிற எதிர்ப்பொருள்களை ஒட்டவிட்டு, திரண்டதை வடிகட்டி எறிகிறார்கள். மிஞ்சுவது ஒரே ஒரு கிருமியை மட்டும் அறியும் சீரம். 1902இல் இந்த உறிஞ்சும் உத்தியை வகுத்துக்கொடுத்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலியர். அடுத்த ஆண்டே அவர் கொழும்புக்கு வந்து, பத்தாண்டுக்கு மேல் அங்கே வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்தார்.

இப்படிச் சுத்திகரித்த துளி, வெகு சீக்கிரமே யாத்திரைக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. சினாய் தீபகற்பத்தில் எல் டோர் என்ற இடத்தில், மக்காவிலிருந்து திரும்பும் ஹஜ் பயணிகளைத் தடுத்துவைத்துச் சோதிக்கும் முகாம் இருந்தது. 1905இல் ஃபெலிக்ஸ் கோட்ஷ்லிக் என்ற மருத்துவர், அங்கே வேறு குடல் நோய்களால் இறந்துபோன பயணிகளின் உடலிலிருந்து ஆறு கிருமி மாதிரிகளை எடுத்தார். இறந்தவர்களிடம் காலரா அறிகுறி எதுவுமே இருக்கவில்லை. ஆனால் காலரா சீரத்தின் ஒரு துளியை விட்டதும் ஆறும் திரண்டன.

துளி 'ஆம்' என்றது. உலகம் நம்பவில்லை. இந்தக் கிருமி இரத்தச் சிவப்பணுக்களைக் கரைக்கிறது, காலரா கிருமி கரைக்காது, எனவே இது வேறு என்றார்கள். 1930களின் இறுதியில் செலிபெஸ் தீவில் இதே கிருமி ஆட்களைக் கொன்றபோதும் 'போலிக் காலரா' என்றுதான் பெயரிட்டார்கள். 1961இல் அதே தீவிலிருந்து கிளம்பி ஆசியா முழுக்கப் பரவத் தொடங்கிய பிறகுதான், 1962இல், உலக சுகாதார மன்றம் எல் டோரும் காலராதான் என்று ஏற்றது. 1964இல் அது இந்தியாவுக்குள் வந்துவிட்டது. ஏழாவது உலகப் பரவல் என்று பெயர் பெற்ற அந்த அலை இன்னும் முடியவில்லை. யாத்திரிகர்களின் பிணங்களுக்கு நடுவே துளி சொன்ன சொல்லைக் காதில் போட்டுக்கொள்ள 57 ஆண்டு ஆயிற்று.

அதற்குள் துளியின் செல்வாக்கு மிகவும் வளர்ந்திருந்தது. ஓ-1 சீரத்தில் திரண்டால் காலரா. திரளாவிட்டால் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, காலரா கிருமியின் இனப்பெயரை மட்டும் வைத்து 'திரளாத விப்ரியோ' என்றுதான் பதிவேட்டில் எழுதினார்கள். குளத்திலும் கழிமுகத்திலும் இறாலிலும் இருக்கும், எப்போதாவது யாருக்காவது வயிற்றைக் கெடுக்கும், கொள்ளைநோயாகப் பரவாது. உலகம் முழுக்கப் பாடநூல்கள் இதையே சொல்லின. திரளாதவற்றையும் விடாமல் வகைப்படுத்திக்கொண்டிருந்தவர்கள் ஜப்பானியர்கள். ஒவ்வொரு புது வகைக்கும் ஒரு புதுச் சீரம், ஒரு புது எண். ஓ-1இன் உள்வகைகளான ஓகாவா, இனாபா இரண்டுமே ஜப்பானியப் பெயர்கள். 1992 வாக்கில் எண் 138ஐத் தொட்டிருந்தது. ஆனால் சாதாரண ஆய்வக அலமாரியில் இருந்தது ஓ-1 குப்பி மட்டும்தான். வேறு எதற்கு?

1992 அக்டோபர். சென்னையில் பேதி நோயாளிகள் கூடினார்கள். சென்னையில் காலரா என்றால் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைதான் என்பது தலைமுறைகளாக எல்லோருக்கும் தெரியும். நோயாளிகளைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. கழுநீர் போலப் பேதி, உள்ளுக்குப் போன கண், கையில் சுருங்கிய தோல், சில மணி நேரத்தில் அடங்கும் நாடி. தட்டில் மஞ்சள் பொட்டுகளும் வந்தன. சில்லில் துளியை விட்டால் ஒன்றுமே ஆகவில்லை. பால் கலந்த நீர் பால் கலந்த நீராகவே கிடந்தது.

அந்த நேரத்தில் சில்லைக் கையில் பிடித்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். சீரம் கெட்டுவிட்டது என்று நினைக்கலாம். பழைய ஓ-1 கிருமியோடு வைத்துப் பார்த்தால் அது திரள்கிறதே! காலனியை மாற்றி எடுத்துவிட்டோம் என்று நினைக்கலாம். மறுபடி எடுத்தாலும் அதே கதை. 'திரளாத விப்ரியோ' என்று எழுதித் தட்டைக் கொதிகலத்தில் போட்டுவிட்டு அடுத்த மாதிரிக்குப் போவதுதான் எல்லாவற்றையும்விட எளிது. விதியும் அதைத்தான் சொன்னது. அப்படிப் போகாதவர்கள் சிலர் இருந்தார்கள். சென்னையில் எடுத்த கிருமிகளைப் பத்திரப்படுத்தினார்கள். அவற்றுள் ஒன்றான எம்ஓ45 பிற்பாடு உலகமெங்கும் ஆய்வகங்களில் மேற்கோள் கிருமியாக வைத்துப் படிக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும், தங்களிடம் வரும் மாதிரிகளில் ஓ-1 குறைந்து 'திரளாதவை' திடீரென்று பெருகுவதைக் கவனித்து, 1993இல் 'லான்செட்' இதழுக்கு எழுதினார்கள். திருத்தணிக்கு அவ்வளவு தூரமில்லாத ஊர் வேலூர்.

மதுரை, வேலூர், கல்கத்தா என்று நோய் பரவியது. கல்கத்தா பேலியாகட்டாவில் தேசியக் காலரா மற்றும் குடல்நோய் ஆய்வு நிறுவனத்தில் டி. ராமமூர்த்தி, ஜி. பாலகிருஷ் நாயர் குழுவினர் சென்னை மாதிரிகளையும் கல்கத்தா மாதிரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஓ-1 சீரத்தில் எதுவும் திரளவில்லை. ஆனால் அந்தக் கிருமிகள் காலரா நச்சைத் தாராளமாகச் சுரந்தன. தெற்கிலும் கிழக்கிலும் கொள்ளைநோயாகப் பரவும் வலுவுள்ள புது வகை தோன்றியிருக்கிறது என்று 1993 மார்ச்சில் 'லான்செட்'டில் அறிவித்தார்கள். டோக்கியோவில் தோஷியோ ஷிமாடா, தம்மிடமிருந்த 138 சீரங்களையும் ஒவ்வொன்றாக அந்தக் கிருமியோடு கலந்து பார்த்தார். ஒன்றிலும் திட்டவட்டமாகப் பிடிபடவில்லை. அதனால் அதற்கு ஓ-139 என்று எண் கொடுத்தார்கள். பங்களாதேஷில் அதற்குள் நோய் ஊழியாகிவிட்டது. 1993 மார்ச் முடிவதற்குள் அங்கே 1,07,297 பேர் நோயுற்று, 1,473 பேர் இறந்ததாகக் கணக்கு. வங்காள விரிகுடாவின் கரையோரத்தில் முதலில் தென்பட்டதால் 'பெங்கால்' என்று ஒரு துணைப்பெயரும் ஒட்டிக்கொண்டது. சென்னைப் பிள்ளைக்குக் கடலின் பெயரை வைத்தார்கள்.

அது ஏன் திரளவில்லை? பிறகு நடந்த மரபணு ஆய்வுகள் சொன்ன விடை எனக்கு இன்னும் ஆச்சரியம் தருகிறது. அது முற்றிலும் புதிய கிருமி கிடையாது. உடம்பெல்லாம் பழைய எல் டோர். மேல்தோலின் சர்க்கரைச் சங்கிலியை நெய்யும் மரபணுத் துண்டை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, ஓ-22 என்ற, யாரும் பொருட்படுத்தாத விப்ரியோவின் துண்டையொத்த ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தது. சட்டையை மாற்றிக்கொண்ட அதே ஆள். சட்டையின் நிறம் பார்த்தே ஆளைச் சொல்லப் பழகியிருந்த துளி விழித்தது.

விழித்தது குப்பித் துளி மட்டுமில்லை. காலரா அடிக்கடி வரும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கும். குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள். ஓ-139 வந்தபோது பெரியவர்களே கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். ஓ-1ஐ ஆண்டுக்கணக்கில் சந்தித்து அவர்கள் குடலில் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களுக்கும் இந்தச் சட்டை தெரியாது. ஆய்வகச் சில்லில் திரளாமல் போன அதே காரணம்தான், தண்டையார்பேட்டைக் கட்டிலிலும் டாக்காக் கட்டிலிலும் நாற்பது வயதுக்காரர்களைச் சாய்த்தது. முயலின் இரத்தமும் மனிதக் குடலும் ஒரே பள்ளியில் ஒரே பாடம் படித்திருந்தன.

இதற்குப் பிறகு துளியின் பயணம் வேகமெடுத்தது. ஓ-139க்கும் முயலில் சீரம் செய்தார்கள். ஓ-22ஐயும் பிடித்துவிடாதபடி, காஸ்டெல்லானியின் பழைய உத்தியால் வடித்தெடுத்தார்கள். இன்னொரு பக்கம் முயலையே விட்டுவிடும் வழியும் திறந்திருந்தது. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசார் மில்ஸ்டைனும் 1975இல் காட்டியபடி, எதிர்ப்பொருள் சுரக்கும் ஒற்றைச் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்பொருளைக் கலத்திலேயே வளர்க்கலாம். அப்படி ஓ-139க்கென்று செய்த எதிர்ப்பொருளைத் தங்கத் துகளில் ஏற்றிய விரைவுச் சோதனை 1995இலேயே வெளிவந்தது. அதில் நாயர் முதலான கல்கத்தாக்காரர்களும் அமெரிக்காவில் ரீட்டா கால்வெல் குழுவினரும் சேர்ந்து உழைத்தார்கள். சென்னையில் திரளாமல் போனதிலிருந்து மூன்றே ஆண்டு.

இன்று அந்தத் துளி உலர்ந்து, ஒரு காகிதப் பட்டையாகிவிட்டது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் உருவாக்கி, சூரத்தில் ஒரு நிறுவனம் தயாரித்துவந்த பட்டை பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. நோயாளியின் மாதிரியில் சில சொட்டுகளைச் சிறு குழாயில் விட்டுப் பட்டையை நிறுத்திவைத்தால் போதும். திரி எண்ணெயை இழுப்பதுபோலக் காகிதம் ஈரத்தை மேலே இழுக்கும். வழியில் தங்கத் துகள் ஏற்றிய எதிர்ப்பொருள்கள் கிருமியின் சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு கூடவே ஏறும். மேலே கோடுகளாக ஒட்டிவைத்த வேறு எதிர்ப்பொருள்கள் அவற்றைப் பிடித்து நிறுத்தும். தங்கம் அவ்வளவு நுண்ணிய துகளாக இருக்கும்போது பொன்னிறமாகத் தெரியாது, குங்குமச் சிவப்பாகத் தெரியும். பதினைந்து, இருபது நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், தட்டு வேண்டாம், தூளி ஆட்டும் கை வேண்டாம். அகதி முகாமிலும், வெள்ளம் சூழ்ந்த ஊரிலும் இதனால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அதை மதிக்கிறேன்.

பட்டையில் மூன்று கோட்டுக்கு இடம் உண்டு. ஒன்று பட்டை வேலை செய்கிறது என்பதற்கு. ஒன்று ஓ-1. மூன்றாவது ஓ-139. உலகின் எந்த மூலையில் அந்தப் பட்டையைப் பிரித்தாலும், அதில் 1992ஆம் ஆண்டுச் சென்னைக்கு என்று ஒரு கோடு ஒதுக்கியிருக்கிறது. வாய்வழிக் காலரா தடுப்பு மருந்திலும் அப்படித்தான். ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 2009இல் கொண்டுவந்த 'ஷான்கால்' மருந்தில், ஓ-1 கிருமிகளோடு ஓ-139ஐயும் கொன்று சேர்த்திருந்தார்கள். அந்தச் சின்னக் குப்பியை வாய்வழி ஊற்றிக்கொண்ட பிள்ளைகளின் குடல் இரண்டு சட்டையையும் படித்துக்கொண்டது.

ஆனால் அந்த மூன்றாவது கோடு இப்போது அநேகமாகச் சிவப்பதே இல்லை. எட்டாவது உலகப் பரவல் தொடங்கிவிட்டது என்று அன்று பலர் அஞ்சினார்கள். 1994இல் பழைய ஓ-1 மறுபடி தலைதூக்கியது. 1996இல் கல்கத்தாவில் ஓ-139 இன்னொரு முறை எட்டிப்பார்த்தது. பிறகு மெல்ல மெல்ல ஒதுங்கி, இன்று எங்கேயோ எப்போதோ ஒன்றிரண்டு என்ற அளவுக்கு வந்துவிட்டது.

பட்டைக்குத் தெரிந்தது இரண்டே சட்டைதான். மூன்றாவது ஒரு சட்டையில் கிருமி வந்தால் 1992இல் குப்பி இருந்ததுபோலவே பட்டையும் வெறுமையாக இருக்கும். அன்று மஞ்சள் பொட்டு வளர்ந்த தட்டு ஒன்று பக்கத்தில் இருந்தது, 'திரளவில்லை, ஆனால் இதோ இருக்கிறது' என்று காட்ட. பட்டையை மட்டும் நம்பித் தட்டை விட்டுவிட்ட இடத்தில் அதைக் காட்ட எதுவும் இருக்காது. பட்டை வந்ததும் கல்ச்சர் எதற்கு, செலவுதானே என்று கேட்கும் குரல்களைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும். பட்டையில் கோடு வந்தாலும் வராவிட்டாலும், கூட்டமாகப் பேதி வரும் ஊரிலிருந்து சில மாதிரிகளையாவது தட்டில் வளர்த்துத்தான் ஆக வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்களில் ஒரு நூற்றாண்டாக மாகாணத்தின் தண்ணீரையும் கிருமிகளையும் பார்த்துவந்த மரபு, விரைவுப் பட்டைகளின் காலத்தில் தேய்ந்துவிடக் கூடாது.

அந்தப் பக்கத்து மாவட்ட ஆய்வகத்துக்கே திரும்புகிறேன். முதல் மாதிரி ஓ-1 என்று தெரிந்த பிறகு அம்மா இரண்டாவதை எடுத்தார். இது ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவரின் மாதிரி. அதே பச்சைத் தட்டு, அதே மஞ்சள் பொட்டு. உப்புநீரில் திரளவில்லை. ஓ-1 துளியிலும் திரளவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தார். மூடியைத் துடைத்து, தேதியைப் பார்த்தார்.

"இதை எப்பவாச்சும் எடுப்பீங்களாம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"எப்பவும் எடுப்பேன். இருபது வருஷத்துல ஒரு தடவைகூட திரளலை."

புதுச் சில்லில் ஒரு சொட்டு விட்டார். கிருமியைக் கரைத்து, விளக்கொளியில் தூக்கி, முன்னும் பின்னும் சாய்த்தார். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பால் கலந்த நீர் அப்படியே இருந்தது.

பதிவேட்டில் 'ஓ-1 இல்லை, ஓ-139 இல்லை' என்று எழுதினார் அம்மா. தட்டைக் கொதிகலத்துக்கு அனுப்பும் தட்டுகளோடு சேர்க்கவில்லை. ஊசிக் கம்பியால் ஒரு மஞ்சள் பொட்டைத் தொட்டு, சிறு குழாயில் இருந்த அகாருக்குள் நேராகக் குத்தி இறக்கினார். மூடி இறுக்கி, பாரஃபினால் அடைத்து, நோயாளியின் எண்ணையும் ஊரையும் எழுதிய சீட்டை ஒட்டினார்.

"இது கல்கத்தா போவணும். நாளைக்குப் பார்சல்ல மறக்காம வைம்மா."